கால்பேக் பதிவு செய்வது சுலபம், விலக்குவது எந்த மொழியில் சுலபம்?

ஒரு பட்டனை அழுத்தினால் இன்னொரு பகுதிக்குத் தகவல் போக வேண்டும். அப்போது அழைக்கச் சொல்லி முன்பே கொடுத்து வைக்கும் ஃபங்ஷன்தான் கால்பேக். இதை எந்த மொழியில் எத்தனை வரியில் எழுதலாம் என்றுதான் பெரும்பாலும் ஒப்பிடுகிறோம். நான் முதலில் பார்ப்பது வேறு: தகவலுக்காகக் காத்திருந்த ஆப்ஜெக்ட் போன பிறகு என்ன ஆகிறது?

சி மொழியில் நம்மிடம் இருப்பது ஃபங்ஷன் பாயிண்டர், அதாவது ஃபங்ஷன் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும். அது தன்னோடு எந்தத் தரவையும் எடுத்து வராது. அதனால் நல்ல லைப்ரரிகள் எந்தத் தரவையும் சுட்டக்கூடிய ஒரு வாய்ட் பாயிண்டரையும் சேர்த்து வாங்கி, அழைக்கும்போது அப்படியே திருப்பித் தருகின்றன. புதிய திரெட்டைத் (இணையாக ஓடும் வேலையை) தொடங்கும் பிதிரெட் கிரியேட் அப்படித்தான். தரவை வரிசைப்படுத்தும் க்யூசார்ட்டில் அந்த வசதி இல்லை. கூடுதல் தரவு வேண்டுமென்றால் பெரும்பாலும் குளோபல் வேரியபிள்தான் கதி. வாய்ட் பாயிண்டர் சுட்டும் இடத்தை முன்பே விடுவித்துவிட்டால் கம்பைலர் வாயே திறக்காது.

ஜாவா 1997-இல், 1.1 பதிப்பில், நிகழ்வுக்காகக் காத்திருக்கும் ஆப்ஜெக்ட்டுகளுக்கான லிசனர் இன்டர்ஃபேஸைக் கொண்டுவந்தது. 2014-இல் ஜாவா 8 லாம்டாவை (பெயரில்லாத குட்டி ஃபங்ஷனை) தந்ததும் எழுதுவது வெகுவாகச் சுருங்கியது. ஆனால் சேர்த்த அதே ஆப்ஜெக்ட்டைக் கொடுத்தால்தான் விலக்க முடியும். அதே லாம்டாவை இன்னொரு முறை எழுதிக் கொடுத்தால் அது வேறு ஆப்ஜெக்ட். பிழை எதுவும் வராது, லிசனரும் போகாது. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதே கண்ணிதான். அங்கே அபார்ட் கன்ட்ரோலர் என்ற ரத்து செய்யும் ஆப்ஜெக்ட் வந்த பிறகு பல லிசனர்களை ஒரே அழைப்பில் கழற்ற முடிகிறது.

எழுத எனக்கு மிகவும் பிடித்தது சி ஷார்ப். டெலிகேட் என்ற அதன் கால்பேக் வகை ஆப்ஜெக்ட்டையும் மெத்தடையும் சேர்த்தே பிடித்து வைத்திருக்கிறது. ஈவென்ட் என்று அறிவித்துவிட்டால் வெளியாட்கள் += (சேர்க்க) அல்லது -= (விலக்க) மட்டுமே போடலாம்; தூண்டிவிட முடியாது. அழகான கட்டுப்பாடு. அப்புறம் சிக்கல். ஒருமுறை, செயலி ஓடும்வரை உயிரோடிருக்கும் செட்டிங்ஸ் ஆப்ஜெக்ட்டின் ஈவென்ட்டில், ஒவ்வொரு திரையும் திறக்கும்போது += போட்டிருந்தேன். -= இல்லை. மூடிய திரைகளையும் அந்த ஈவென்ட் பிடித்துக்கொண்டிருந்ததால் பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டரால் எதையும் அள்ள முடியவில்லை. திரையை ஏழு முறை திறந்து மூடினால் அதே செய்தி ஏழு முறை வந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

இந்த இடத்தில்தான் சி++ உலகின் க்யூட்டி என்ற லைப்ரரி ஜெயிக்கிறது. அனுப்புபவர், பெறுபவர் இருவரில் எந்த க்யூஆப்ஜெக்ட் (க்யூட்டியின் அடிப்படை ஆப்ஜெக்ட்) அழிந்தாலும் இணைப்பு தானாகவே அறுந்துவிடும். பெறுபவர் வேறு திரெட்டில் இருந்தால் அழைப்பு வரிசையில் போய்ச் சேரும். இரு திரெட்கள் மோதாமல் காக்கும் லாக்கை நாம் எழுதத் தேவையில்லை. இதற்கு விலை, மாக் (moc) என்ற, கோடை உருவாக்கித் தரும் கூடுதல் பில்ட் படி. க்யூட்டி 4 வரை சிக்னல் (அனுப்பும் தகவல்), ஸ்லாட் (பெறும் ஃபங்ஷன்) பெயர்கள் ஸ்டிரிங்காகப் போனதால் தட்டச்சுப் பிழை ஓடும்போதுதான் தெரியும். 2012-இல் வந்த க்யூட்டி 5 முதல், புதிய முறையில் எழுதினால் கம்பைலரே பிடித்துவிடுகிறது. லாம்டாவை இணைக்கும்போது மட்டும் கான்டெக்ஸ்ட் ஆப்ஜெக்ட்டை (எது அழிந்தால் இணைப்பு அறுபட வேண்டுமோ அதை) மறக்காமல் கொடுங்கள். இல்லாவிட்டால் அனுப்புபவர் இருக்கும்வரை அந்த இணைப்பும் இருக்கும், உள்ளே பிடித்த பாயிண்டர் செத்திருந்தாலும்.

திரைகள் வந்து போகும் செயலி என்றால், மாக் தொல்லையையும் பொறுத்துக்கொண்டு க்யூட்டியையே எடுப்பேன். சி ஷார்ப்தான் வேண்டும் என்றால் சரி, += எழுதிய கையோடு, மூடும்போது சுத்தம் செய்யும் டிஸ்போஸ் மெத்தடுக்குப் போய் -= எழுதிவிட்டுத்தான் அடுத்த வரி.