லேயர் ஸ்டேட்டா, வியூபோர்ட் ஃப்ரீஸா?

ஒரே மாடியின் பிளானில் சுவர், மின்சாரம், குழாய், ஃபால்ஸ் சீலிங் அத்தனையையும் வரைந்துவிட்டு, அதிலிருந்து தனித்தனித் தாள்கள் எடுக்க ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் இரண்டு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. லேஅவுட்டில் (அச்சுத் தாளை அமைக்கும் பக்கம்) ஒவ்வொரு வியூபோர்ட்டாக (தாளில் பிளானைக் காட்டும் ஜன்னல்) நுழைந்து, வேண்டாத லேயர்களை (வரைந்ததை வகைவாரியாகப் பிரித்துவைக்கும் அடுக்குகள்) அங்கே மட்டும் ஃப்ரீஸ் செய்யலாம், அதாவது மறைக்கலாம். அல்லது எந்த லேயர் தெரிகிறது, எது மறைந்திருக்கிறது என்ற நிலையை ஒரு லேயர் ஸ்டேட்டாகப் பெயரிட்டுச் சேமித்து, தேவைப்படும்போது மீட்கலாம். நான் இரண்டாவது வழிக்கு மாறிவிட்டேன். சின்ன வீடு, இரண்டு மூன்று தாள் என்றால் முதல் வழியே தாராளம். அதில் விவாதமே இல்லை.

தலைவலி பிளான் முடிந்த பிறகுதான் வருகிறது. கழிப்பறைச் சாமான் விற்பவர் தந்த கோப்பிலிருந்து ஒரு வாஷ்பேசின் பிளாக்கை (ஆயத்தப் படத்தை) இழுத்துப் போடுகிறோம். அது தன் சொந்த லேயர்களையும் கூட்டிக்கொண்டு வரும். மின்சாரத் தாள், சீலிங் தாள் என்று எல்லா வியூபோர்ட்டிலும் வாஷ்பேசின் தெரியும். புதிய லேயரை எல்லா வியூபோர்ட்டிலும் ஃப்ரீஸாகவே தொடங்க ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அது நாமே உருவாக்கும் லேயருக்குத்தான். அழையாமல் வந்ததை ஒவ்வொரு தாளாகத் தேடிப் பிடிக்க வேண்டும். லேயர் ஸ்டேட்டை மீட்கும்போது, அதில் இல்லாத லேயர்களை அணைத்துவிடும் விருப்பத்தை டிக் செய்தால் போதும். சேமித்த நாளில் இருந்தது போலவே தாள் வந்து நிற்கும். பராமரிப்பில் மிச்சமாகும் இந்த நேரத்துக்காகவே மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்கிறேன்.

குறைகள் இல்லாமலில்லை. மாடலில் (பிளானை வரையும் இடத்தில்) மீட்டால் அணைந்த லேயர் எல்லாத் தாள்களிலும் அணைந்துவிடும். அதனால் மீட்ட கையோடு அந்தத் தாளை பிடிஎஃப் எடுத்துவிடுகிறேன். சேமித்த நிலை தானாகத் திருந்தாது. மாற்றம் செய்தால் அதே பெயரில் மறுபடி சேமிக்க வேண்டும். சேமித்த நிலையை எல்ஏஎஸ் (.las) கோப்பாக ஏற்றுமதி செய்து அடுத்த வேலைக்குக் கொண்டுபோகலாம் என்பது பெரிய வசதி. ஆனால் அங்கே இறக்குமதி செய்யும்போது பழைய வேலையின் லேயர்களும் புதிதாக முளைக்கும்; பயன்படாதவற்றை பர்ஜ் செய்து நீக்காவிட்டால் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

எக்ஸ்ரெஃப் (வெளியிலிருந்து இணைத்த வரைபடக் கோப்பு) நிறைந்த பெரிய வளாக வேலைகளில் எனக்கு அனுபவம் குறைவு. பார்த்தவரை, அங்கே லேயர் பெயருக்கு முன்னால் கோப்பின் பெயர் ஒட்டியிருப்பதுதான் தொல்லை. கன்சல்டன்ட் கோப்புப் பெயரில் தேதியை மாற்றி அனுப்பி, நாமும் அதைப் புதிதாக இணைத்தால் லேயர் பெயர்களெல்லாம் மாறிவிடும். எந்த வழியில் வைத்திருந்தாலும் அமைப்பு போயிற்று. தேதியை ஃபோல்டருக்கு வைக்கச் சொல்லுங்கள்.