படி ஏறிக் கடப்பதா, மேடை போட்டுக் கடப்பதா?

பாளையங்கோட்டையில் எங்கள் குடியிருப்போர் சங்கம் ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு மனுவோடு போகிறவர்களுக்குத் தெரியும், ஒரு தாளில் ஐந்தாறு கோரிக்கையை அடுக்கினால் ஒன்றும் நடக்காது. எங்கள் பக்கம் வீடுகள். எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம், மருந்துக்கடை. நடுவில் நான்கு வரிசையாக வண்டி ஓடும் ரோடு. பேச்சில் வந்த யோசனைகள் நாலு: நடைமேம்பாலம், சிக்னல், சைக்கிளுக்குத் தனித்தடம், கடக்கும் இடத்தில் ரோட்டையே பிளாட்பார உயரத்துக்குத் தூக்கிக் கட்டும் மேடை. நான் மேடைக்குக் கை தூக்கினேன். கொஞ்சம் முணுமுணுப்போடு சங்கமும் அதற்கே வந்தது. மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் இதே வாக்குவாதம் நடந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் காரணங்களை எழுதி வைக்கிறேன்.

சிக்னலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நாலு ரோடு சேரும் முக்கில் அது வேண்டும்தான். முக்கு இல்லாத இடத்தில் நடப்பவருக்காக மட்டும் சிவப்பு எரிந்தால், போலீஸ்காரர் நிற்கும்வரைதான் வண்டி நிற்கும். ராத்திரி மஞ்சள் மட்டும் கண் சிமிட்டும். அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஒலி எழுப்பும்படி வைக்கலாம். பார்வையற்றோர் பள்ளி இருக்கும் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

நடைமேம்பாலம்தான் எல்லாருக்கும் ஆசை. "பாலம்னா கண்ணுக்குத் தெரியும்லா, நம்ம சங்கம் கொண்டுவந்ததுன்னு சொல்லலாம்லா" என்றார் பலசரக்குக் கடை அண்ணாச்சி. உண்மைதான், கண்ணுக்குத் தெரியும். ஏறிப் பார்த்தால் வேறு கணக்கு வரும். லாரியும் பஸ்ஸும் போக, கீழே ஐந்தரை மீட்டர் இடம் விட வேண்டும். தளத்தின் கனத்தையும் சேர்த்தால் ஆறு மீட்டர். படிக்குப் பதினைந்து சென்டிமீட்டர் வைத்தால் ஏற நாற்பது படி, இறங்க நாற்பது படி. எல்லாம் பதினான்கு மீட்டர் ரோட்டைத் தாண்டுவதற்கு. சித்திரை வெயிலில், கையில் காய்கறிப் பையோடு, எந்த ஆச்சி ஏறுவாள்? ஏறாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் பார்க்கிறோமே, சென்டர் மீடியனில் யாரோ உடைத்துவிட்ட சந்து வழியாக நுழைவார்கள். மேலே பாலம் இருப்பதால் கீழே ஆள் வராது என்ற தைரியத்தில் வண்டிக்காரர் இன்னும் விரட்டுவார்.

சைக்கிளுக்குப் பாலத்தில் இடமே இல்லை. அரசாங்கம் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கிறது. அதைத் தோளில் தூக்கி நாற்பது படி ஏறச் சொல்ல முடியுமா? சாய்தளம் போடலாம் என்பார்கள். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஆறு மீட்டர் ஏற எழுபத்திரண்டு மீட்டர் நீளம் வேண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். எங்கள் ரோட்டோரத்தில் பாலத்தின் படிக்கட்டு கால் ஊன்றினாலே பிளாட்பாரம் காலி. ரோடுகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டி நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. பாலம் முதலில் தின்பது அந்த இடத்தைத்தான்.

இது பாளைக்கான பேச்சு. திருநெல்வேலி டவுனில் நாலு ரத வீதியிலும் பாலம் என்ற யோசனைக்கே இடமில்லை. ஆனித் தேர் வரும் வழியில் குறுக்கே எதை நிறுத்துவது?

இனி மேடை. வழக்கமான ஸ்பீட் பிரேக்கர் மாதிரி முதுகை ஒடிக்கும் மேடு அல்ல. இரண்டு பக்கமும் சரிவாக ஏறி, மேலே தட்டையாக, நாலைந்து பேர் சேர்ந்து நடக்கும் அகலத்தில் இருக்கும். பிளாட்பாரத்திலிருந்து கால் கீழே இறங்காமல் அதே மட்டத்தில் எதிர்ப்பக்கம் போய்விடலாம். பிளாட்பாரத்தில் நடப்பவர் ரோட்டுக்கு இறங்குவதற்குப் பதிலாக வண்டிதான் பிளாட்பார மட்டத்துக்கு ஏறி வர வேண்டும், அதனால் வேகம் தானாகக் குறையும். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி, ஓட்டுபவர் ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்கும் அந்த ஒரு நொடியிலேயே பதினான்கு மீட்டர் ஓடிவிடும். முப்பதில் வந்தால் எட்டு மீட்டர் சொச்சம். மோதினாலும் முப்பதைவிட ஐம்பதில் மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்போகும் விபத்துக்கான வாய்ப்பு நாலு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது கேளாதோர் பள்ளியும் இருக்கும் ஊர் இது. "ஹாரன் அடிச்சேனே" என்ற சமாதானம் அந்தப் பிள்ளைகளிடம் செல்லாது. வேகம் குறைந்தால் மட்டும்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு.

இவ்வளவும் சொல்லியும் சங்கத்தில் பாதிப் பேர் அசையவில்லை. அவர்களை அசைத்தது பராமரிப்புக் கணக்கு. கட்டி முடித்துத் திறந்துவைத்த மறுநாளிலிருந்து யார் பார்ப்பார்கள் என்ற ஒரு கேள்வியை நாலுக்கும் வைத்தோம். சிக்னலுக்குக் கரண்டு, கன்ட்ரோலர், பல்பு. பாலத்துக்கு லிஃப்ட் வைத்தால் வருஷ ஒப்பந்தம், கரண்டு பில், காவலுக்கு ஆள். அதில் ஒன்று நின்றால் லிஃப்ட் கதவில் பூட்டு விழும். லிஃப்ட் இல்லாத பாலத்துக்கும் விளக்கு வேண்டும், கூட்ட ஆள் வேண்டும், இரும்புக்குப் பெயின்ட் வேண்டும். மேலே விளக்கு அணைந்த பாலத்தில் பெண்கள் ஏழு மணிக்கு மேல் ஏற மாட்டார்கள். சைக்கிள் தடம் வெறும் பெயின்ட் என்றால் ஒரு மழைக்காலம் தாங்கினால் பெரிது. பிளாஸ்டிக் குச்சி நட்டால் பஸ் திரும்பும் முக்கில் முதலில் அவை சாயும். மேடைக்கு வேண்டியது கோட்டுக்குப் பெயின்ட் மட்டும்தான். பெயின்ட் அழிந்துபோனாலும் மேடு மேடாகவே இருக்கும், வேகத்தைக் குறைக்கும் வேலை நிற்காது.

ஆனால் மேடைக்கும் ஒரு எமன் உண்டு, அவன் பெயர் ரீ-லேயிங். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுத்தார் ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். ஒரு பூச்சு நாலு சென்டிமீட்டர் என்று வையுங்கள். பத்து சென்டிமீட்டர் மேடை, சுற்றிலும் ரோடு இரண்டு முறை உயர்ந்தால் இரண்டு சென்டிமீட்டராகிவிடும். பிறகு அது வெறும் கோடுதான். பிளாட்பாரக் கல்லும் அப்படியே புதைந்து போகும், வீட்டு வாசலுக்குள் ரோட்டுத் தண்ணீர் வரும். 2021 மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலர் இதைத்தான் குறிப்பிட்டு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத்தளம் போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஆகவே எங்கள் மனுவில் மேடை கேட்ட வரிக்கு அடுத்த வரியே இந்த உத்தரவுதான். இனி இந்த ரோட்டில் தார் போடும்போதெல்லாம் மில்லிங் செய்த, அதாவது பழைய தாரைச் சுரண்டிய பிறகே போட வேண்டும், மேடை உயரம் குறையக்கூடாது என்று எழுதினோம். அந்த வரி இல்லாமல் மேடை கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம்.

இன்னும் இரண்டு விஷயம். மேடையைப் பேவர் கல்லில் கட்டினால் பஸ் பிரேக் போடும் இடத்தில் கல் பெயர்ந்து மணல் கழுவிப் போகும். கான்கிரீட்தான் நிற்கும். அடுத்தது வாறுகால், அதாவது தண்ணீர் வடியும் வழி. மேடை ரோட்டின் குறுக்கே ஒரு வரப்பு மாதிரி. ஐப்பசி கார்த்திகையில் தண்ணீரை மறித்து நிறுத்தும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதற்குப் பயப்படாமல் இருக்க முடியாது. இரண்டு ஓரத்திலும் தண்ணீர் போக வழி விட்டு, கால் வைக்கும்படி கம்பி மூடி போட வேண்டும். அந்தக் கம்பிகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும், நீளவாக்கில் இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸ் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒழுங்கான சரிவில் கட்டிய மேடையில் ஆம்புலன்ஸ் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் குலுங்காது. ஒரு கிலோமீட்டருக்குள் நாலைந்து மேடை கேட்டால் நானே எதிர்ப்பேன். பார்வையற்றவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு, பிளாட்பாரமும் மேடையும் ஒரே மட்டமாக இருந்தால் எங்கே ரோடு தொடங்குகிறது என்று காலுக்குத் தெரியாது. விளிம்பில் குமிழ் வைத்த மஞ்சள் ஓடு பதித்தால் தெரியும், அதையும் எழுதினோம்.

சைக்கிள் தடத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தை ரொம்ப நம்ப வேண்டாம். சைக்கிளில் என் அனுபவம் கடைக்குப் போய்வருவதோடு முடிகிறது. டீக்கடை முன்னால் தடம் போட்டால் பைக்கும் தள்ளுவண்டியும் அதில் நிற்கும் என்பது மட்டும் தெரியும். வேகம் முப்பதுக்குள் வந்துவிட்டால் சைக்கிள் மற்ற வண்டிகளோடு ஓடலாம் என்பது என் கட்சி. தினமும் ஓட்டும் பிள்ளைகள் வேறு மாதிரி சொன்னால் அவர்கள் பேச்சே எடுபட வேண்டும்.

நடைமேம்பாலத்தை நான் எல்லா இடத்திலும் எதிர்க்கவில்லை. ஊருக்கு வெளியே, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வண்டிகள் எண்பதுக்கு மேல் பறக்கும் இடத்தில் மேடை போட்டால் அதுவே விபத்தை வரவழைக்கும். அங்கே பாலமோ, அதைவிட நல்லதாக வெளிச்சமும் காற்றும் வரும் சுரங்கப்பாதையோதான் வழி. சுரங்கப்பாதையில் மூன்று, மூன்றரை மீட்டர் இறங்கினால் போதும், ஆறு மீட்டர் ஏற வேண்டியதில்லை, சைக்கிளையும் உருட்டிக்கொண்டு போகலாம். மழைத்தண்ணீரை இறைக்கும் மோட்டாரை யார் போடுவார்கள் என்ற கேள்வி அங்கேயும் வரும்.