பெர்சி ஜாக்சன்: இரண்டு கடைசிப் புத்தகங்களில் எது?

அக்கா மகளுக்கு ரிக் ரியோர்டனின் கிரேக்கப் புராணக் கதைகளில் எந்த வரிசையை வாங்குவது என்று முடிவுசெய்ய, இரண்டு வரிசைகளின் கடைசிப் புத்தகங்களையும் மறுபடி படித்தேன். 'பெர்சி ஜாக்சன்' வரிசையில் 2009இல் வந்த 'தி லாஸ்ட் ஒலிம்பியன்', அதைத் தொடர்ந்த 'ஹீரோஸ் ஆஃப் ஒலிம்பஸ்' வரிசையில் 2014இல் வந்த 'தி பிளட் ஆஃப் ஒலிம்பஸ்'. இரண்டிலும் நாயகர்கள் தெய்வத்துக்கும் மனிதருக்கும் பிறந்த பிள்ளைகள்; பெர்சி அவர்களில் ஒருவன். வாங்கியது முதல் வரிசையை. (முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

சண்டைக்கும் கிண்டலுக்கும் இரண்டிலும் குறைவில்லை. ஒன்றில் மன்ஹாட்டன் போர்க்களம், மற்றதில் ஏதென்ஸ் வரை போகிறார்கள்.

என்னைச் சாய்த்தது வில்லன்தான். 'தி லாஸ்ட் ஒலிம்பியன்' வில்லன் குரோனஸ், தெய்வங்களின் எதிரிகளான டைட்டன்களின் தலைவன்; அவன் குடியேறியிருப்பது தெய்வத்தின் பிள்ளைகளில் ஒருவனான லூக்கின் உடம்பில். லூக் நமக்கு முதல் புத்தகத்திலிருந்தே பழக்கம்; பெர்சிக்கு வாள் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன். பெற்ற தெய்வங்கள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற அவன் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. கடைசியில் பெர்சி அவனை நம்பி, தோழி அனபெத்தின் கத்தியைக் கொடுக்கிறான். லூக் தன்னையே குத்திக்கொண்டு குரோனஸை ஒழிக்கிறான். அதோடு விட்டிருந்தாலே நல்ல முடிவு. ஆனால் சாகாவரத்தை மறுக்கும் பெர்சி, பதிலுக்கு ஒன்று கேட்கிறான்: 13 வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளையும் தெய்வங்கள் தங்களுடையவர்கள் என்று ஏற்க வேண்டும், சிறு தெய்வங்களின் பிள்ளைகளுக்கும் இவர்கள் பயிற்சி பெறும் முகாமில் இடம் வேண்டும். லூக் கேட்டதும் அதைத்தானே! தோற்றவனின் வழக்கை ஜெயித்தவன் எடுத்து வாதாடுகிறான்.

இரண்டாவதில் வில்லி பூமித்தாய் கேயா. வரிசை முழுக்கத் தூங்குகிறாள். விழித்த கொஞ்ச நேரத்தில் ஃபெஸ்டஸ் என்ற இயந்திர டிராகன் அவளை வானத்துக்குத் தூக்கிப்போகிறது, நாயகர்களில் ஒருவனான லியோவின் நெருப்பில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இத்தனை நாள் பயமுறுத்தியதற்கு இவ்வளவுதானா என்றிருந்தது. தவிர, கதை ஜேசன், பைப்பர், லியோ, நிக்கோ, ரெய்னா என்ற ஐந்து பேர் பார்வையில் மாறி மாறிப் போகிறது. பெர்சிக்கும் அனபெத்துக்கும் ஓர் அத்தியாயம்கூட இல்லை.

நல்லதும் உண்டு. அதீனா சிலையை நிக்கோவும் ரெய்னாவும் சுமந்துபோகும் பகுதி அருமை. தீவில் சிறைப்பட்டிருக்கும் கலிப்ஸோவை விடுவிப்பதாகச் சொல்லிவிட்டுத் தெய்வங்கள் மறந்த கடனை லியோ தீர்ப்பதும் பிடித்தது. இந்த வரிசையின் நடுப் புத்தகங்களை நான் வேகமாகப் புரட்டியவள். ஜேசன், பைப்பர் மேல் பாசம் வைத்தவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

2023இலிருந்து பெர்சியை வைத்துப் புதுப் புத்தகங்களும் வருகின்றன. அக்கா மகள் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.