சும்மா இருந்தே சம்பாதிக்கலாம் என்றார்கள்: என் நாலு வருட அனுபவம்

காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. 2021 ஊரடங்கில் அவருக்குப் பாதிச் சம்பளம்தான் வந்தது. அப்போது ஆரம்பித்தது இந்தப் பைத்தியம். வீட்டிலிருந்தே, அதிகம் மெனக்கெடாமல் ஆன்லைனில் பணம் வரும் என்று யார் சொன்னாலும் ஒரு கை பார்த்துவிடுவேன்.

முதலில் சேலை ரீசெல்லிங். ஸ்டாக் வைக்க வேண்டாம், முதல் போட வேண்டாம். ஆப்பில் இருக்கும் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, நம் லாபத்தைச் சேர்த்து விலை சொன்னால் போதும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு "அக்கா, இதே பார்டர்ல வேற கலர் இருக்கா?" என்று மெசேஜ் வரும். பத்துப் பேர் கேட்டால் ஒருவர் வாங்குவார். படத்தில் அரக்காகத் தெரிந்தது கைக்கு வரும்போது செங்கல் நிறமாக இருந்தால் திட்டு எனக்கு. ஒரு பொங்கலுக்கு 14 சேலை போய் 5 திரும்பி வந்தது. வாங்கியவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், எதிர்வீட்டுக்காரர்கள். சேலைக்கு 80, 100 ரூபாய் லாபத்துக்காகக் கடைவீதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஒன்பது மாதத்தில் விட்டுவிட்டேன்.

நடுவில் டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடும் வேலை. முதல் நாள் 150 ரூபாய் உண்மையாகவே வந்தது. அடுத்த நாள் "பிரீமியம் டாஸ்க்" என்று 4,000 கட்டச் சொன்னார்கள். கட்டினேன். போனது போனதுதான். 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு உடனே கூப்பிட்டிருந்தால் பணத்தை முடக்கவாவது பார்த்திருப்பார்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு ஒரு வாரம் கழித்துத்தான் கூப்பிட்டேன்.

அப்புறம் யூடியூப். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சமையல் சேனல்தான், வேறென்ன தெரியும் எனக்கு? களி உருண்டை, சாமைச் சோறு, கொள்ளு ரசம் என்று 86 வீடியோ போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போகும். முக்கால்வாசி வீடியோக்கள் 300 வியூவைத் தாண்டவில்லை. விளம்பரப் பணம் வர 1,000 சப்ஸ்கிரைபரும், ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். எனக்கு அது இரண்டே கால் வருடம் எடுத்தது.

தாண்ட வைத்தது ஒரே ஒரு வீடியோ. அத்தை மாங்காய் தொக்கு கிளறிக்கொண்டிருந்தார். போனை அரிசி டிரம் மேல் சாய்த்து வைத்து, அவர் கையை மட்டும் எடுத்தேன். எங்கள் பக்கத்துப் பெங்களூரா மாங்காய், கிளிமூக்கு என்பார்களே, அதுதான். சதை அதிகம், துருவ வாகாக இருக்கும். "எண்ணெ மேல வந்து நிக்கணும்மா, அதுக்கு முன்னாடி எறக்கினா பத்து நாள்ல பூசணம்" என்று அவர் சொன்னது அப்படியே பதிவாகிவிட்டது. பின்னணியில் குக்கர் விசில் வேறு. எடிட்டிங் எதுவும் இல்லை. ஒவ்வொரு சித்திரையிலும் அந்த வீடியோ தானாக எழுந்து ஓடுகிறது. மெனக்கெடாமல் எனக்கு வந்த காசு என்றால் இது ஒன்றுதான். அதற்கு முன்னால் அந்த 86 கிடக்கிறது.

பணம் கைக்கு வருவதும் தனிக் கதை. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க ஆட்சென்ஸிலிருந்து (யூடியூப் விளம்பரப் பணத்தை நமக்கு அனுப்பும் கூகுளின் பிரிவு) ரகசிய எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். நான் கதவு எண்ணை மாற்றிக் கொடுத்துத் தொலைத்தேன். முதல் கடிதம் வரவே இல்லை. இரண்டாவதை, "யாருக்குமா இது, வெளிநாட்டுக் கடுதாசி மாதிரி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே தபால்காரர் அண்ணன் கொடுத்தார். அங்கே கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணைச் சேர்த்து மறக்காமல் நிரப்புங்கள். நிரப்பினால் அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்து வரும் பணத்தில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை போகலாம்.

வீடியோ பார்த்தவர்கள் தொக்கே கேட்க ஆரம்பித்தார்கள். சரி என்று உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்தேன். சின்ன அளவில் செய்பவர்களுக்கு நான் எடுத்தபோது ஆண்டுக்கு 100 ரூபாய்தான். பெங்களூருக்கு அனுப்பிய முதல் பார்சலில் மூடி வழியாக எண்ணெய் கசிந்து, அட்டைப்பெட்டி அப்பளம் மாதிரி நமத்துப் போன போட்டோ வந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது மூடிக்கு உள்ளே அலுமினிய சீல், மேலே டேப், அதன் மேல் இரண்டு பிளாஸ்டிக் கவர். சீசனில் மாதம் 6,000, 7,000 நிற்கிறது. ஆனால் மாங்காய் கழுவித் துடைத்து, துருவி, கிளறி இடுப்பு ஒடிகிறது. இதைப் போய் ஆன்லைன் பிசினஸ் என்று எப்படிச் சொல்வது? ஆர்டர் மட்டும்தான் ஆன்லைன்.

ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், அதுவும் மாதம் 21ஆம் தேதிக்கு மேல்தான். இதுவரை மூன்று முறை வந்திருக்கிறது. இன்றைக்குக் காலையில் பார்த்தேன், 71-ல் நிற்கிறது. இந்த 21க்கு ஒன்றும் வராது. மரத்தில் இப்போதுதான் பூ வைத்திருக்கிறது.