லாகினைக் கொடுப்பதா, வாட்ஸ்அப்பில் வாங்கிப் போடுவதா?

கம்பத்தில் இருந்துகொண்டு குமுளி ஏலக்காய்க் கடைகளுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். பிரவுசர் எது, கூகுள் எது என்று பிரித்துப் பார்க்காத முதலாளிகளே அதிகம். வெப்சைட்டை அவர்களே மாற்றிக்கொள்ள, அதை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் லாகினைக் கையில் கொடுக்கலாம். இல்லையென்றால் விலையையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் வாங்கி நாமே ஏற்றலாம்.

லாகின் கொடுத்தால் வேலை குறையும் என்று தோன்றும். குறையாது. ஒருவர் 8 மி.மீ. காய் விலையை மாற்றப் போய் முகப்புப் பக்கத்தையே அழித்துவிட்டார். "தம்பி, கடையைக் காணோம்!" என்று ராத்திரி பத்தரைக்கு போன். அழித்தது குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும் என்பதால் தப்பித்தோம். தப்பு என்னுடையதுதான், எதையும் மாற்றவிடும் அட்மின் உரிமையைத் தூக்கிக் கொடுத்திருந்தேன். 'ஆத்தர்' உரிமை போதும்: தன் பதிவை எழுதலாம், பக்கங்களைத் தொட முடியாது. அன்றைய விலையைப் பதிவாகப் போட அது தாராளம்.

வாட்ஸ்அப் வழியில் புற்றடியில் ஏலக்காய் ஏலம் விட்டு முடிந்ததும் பாதி மலையாளத்தில் குரல் பதிவு வந்துவிடும். பதினெட்டா, இருபத்தெட்டா என்று திருப்பிக் கேட்டு எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்வேன். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லித்தர ஒரு டீ நேரம் போதும்.

என் ஓட்டு வாட்ஸ்அப்புக்குத்தான், மாதக் கட்டணத்தை முதலிலேயே பேசிவிட்டால். கல்லாவில் மகளோ மகனோ உட்கார்ந்திருக்கும் கடைக்கு மட்டும் லாகின்.