கிறிஸ்துமஸ் கள்ளியா, தேங்க்ஸ்கிவிங் கள்ளியா, ஈஸ்டர் கள்ளியா: வீட்டுக்கு எது ஒத்துவரும்?

கிறிஸ்துமஸ் கள்ளி என்று சீட்டு ஒட்டி விற்கப்படும் செடிகளில் பெரும்பாலானவை உண்மையில், அமெரிக்காவில் நவம்பரில் வரும் நன்றியறிதல் பண்டிகையின் பெயரைத் தாங்கிய தேங்க்ஸ்கிவிங் கள்ளிகளே. அது முன்னதாகவே பூக்கிறது, நிமிர்ந்து வளர்வதால் அனுப்பிவைக்கவும் எளிது. ஆகவே வணிக நாற்றங்கால்கள் அதையே விரும்பி வளர்க்கின்றன. இந்தப் பெயர்க் குழப்பத்தைச் சிறிய விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. வாங்கிய முதல் ஆண்டு கொத்துக் கொத்தாகப் பூத்த செடி மறு ஆண்டு வெறும் பச்சையாகவே நின்றுவிட்டது என்று வருந்துபவர்களில் பலர், எந்தச் செடி தம்மிடம் இருக்கிறது என்பதை அறியாமலேயே அதை வளர்த்துவருகிறார்கள்.

அடையாளம் காண்பது எளிது. தேங்க்ஸ்கிவிங் கள்ளியின் தட்டையான தண்டுத் துண்டுகளின் விளிம்பில் நண்டின் கொடுக்கைப் போலக் கூரிய பற்கள் இருக்கும். கிறிஸ்துமஸ் கள்ளியில் அதே விளிம்பு மழுங்கி, மென்மையான வளைவுகளாகக் காணப்படும். ஈஸ்டர் கள்ளியின் விளிம்பு ஏறத்தாழ வழுவழுப்பாக இருக்க, துண்டின் நுனியில் மட்டும் மெல்லிய முடிகள் தென்படும். பூத்திருக்கும்போது சந்தேகமே எழாது: முதலாவதன் மகரந்தம் மஞ்சள், இரண்டாவதன் மகரந்தம் இளஞ்சிவப்பு, மூன்றாவதன் பூவோ விரிந்த நட்சத்திரம்.

மூன்றின் பூர்வீகமும் பிரேசிலின் தென்கிழக்கு, தெற்குப் பகுதிகளின் ஈரமான மலைக்காடுகளே. அவற்றுள் கிறிஸ்துமஸ் கள்ளி மட்டும் காட்டில் பிறந்தது அன்று; தேங்க்ஸ்கிவிங் கள்ளியையும் அதன் இன்னொரு மலைவாழ் உறவையும் இணைத்து 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்ட கலப்பினம் அது. இவை மரக்கிளைகளிலும் பாறை இடுக்குகளிலும் தங்கி, மட்கிய இலைகளில் வேரோடி வாழ்பவை. எனவே கள்ளி என்ற பெயரைக் கேட்டதும் மணல் கலந்த மண்ணையும் சுட்டெரிக்கும் வெயிலையும் தருபவர்கள் தொடக்கத்திலேயே தவறிவிடுகிறார்கள். மரப்பட்டைத் துண்டுகளும் தென்னை நார்க்கழிவும் பெர்லைட் என்ற இலேசான வெண்ணிறக் கல்துகளும் கலந்த, நீர் தேங்காத கலவை போதும். மேல்மண் காய்ந்த பிறகு நன்றாக நனைத்து, அடித்தட்டில் வடிந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். நேரடி நண்பகல் வெயிலில் துண்டுகள் செந்நிறம் ஏறிச் சுருங்கும்.

இதுவரை மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன. பூக்க வைப்பதில்தான் வழிகள் பிரிகின்றன. இவற்றுக்குப் பண்டிகையும் தெரியாது, நாட்காட்டியும் தெரியாது. இரவின் நீளத்தையும் குளிரையும் மட்டுமே இவை கணக்கிடுகின்றன. அதனால்தான் வடகோளத்தில் நவம்பரிலும் டிசம்பரிலும் பூக்கும் தேங்க்ஸ்கிவிங் கள்ளி, தன் தாயகமான பிரேசிலில் 'மே மலர்' என்று அழைக்கப்படுகிறது. இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால், நாள்தோறும் 13, 14 மணி நேர இடையறாத இருளை ஏறத்தாழ 6 வாரங்களுக்குத் தர வேண்டும். இரவில் தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போடும் பழக்கம்கூட இந்தக் கணக்கைக் குலைத்துவிடக்கூடும் என்பதால், மாலையில் செடியை அட்டைப்பெட்டியால் மூடி வைப்பதே பாதுகாப்பு. 10 முதல் 13 டிகிரி வரை குளிரும் அறையில் இருளின் அளவைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை. மாறாக, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத வீட்டில் எத்தனை பெட்டிகளால் மூடினாலும் மொட்டு அரிதாகவே வரும்.

கிறிஸ்துமஸ் கள்ளிக்கும் இதே விதிதான், ஆனால் அது சில வாரங்கள் தாமதித்துப் பூக்கும். அதன் கிளைகள் வளைந்து தொங்குவதால் தொங்குதொட்டிக்கு அதைவிடப் பொருத்தமான செடி இல்லை. பல பத்தாண்டுகள் வாழக்கூடியது என்பதால் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச்செல்லும் செடியும் பெரும்பாலும் இதுவே. அழகில் என் வாக்கு இதற்கே, கிடைப்பதுதான் அரிது.

ஈஸ்டர் கள்ளி பிடிவாதக்காரச் செடி. நீண்ட இரவும் 7 முதல் 13 டிகிரி வரையிலான குளிரும் சேர்ந்து 8 முதல் 12 வாரங்கள் வரை கிடைத்த பிறகே, வசந்தத்தில் அது மொட்டு விடும். குளிர்ந்த ஓர் அறையை ஒதுக்க முடியாதவர்கள் அதை வாங்காமல் இருப்பது நல்லது. இரவில் ஓரளவேனும் குளிரும் வீட்டில் மற்ற இரண்டில் எதையும் நம்பிக்கையோடு வைக்கலாம். முதன்முறையாக வளர்ப்பவருக்கு எளிதில் கிடைக்கும் தேங்க்ஸ்கிவிங் கள்ளியே போதும்.

மொட்டு வந்த பின் மூன்றுமே கூச்ச சுபாவமுள்ளவை ஆகிவிடுகின்றன. இடமாற்றம், வேர் முழுக்கக் காய்தல், தேங்கும் நீர், வெப்பக் காற்று, பழுக்கும் பழங்களிலிருந்து வெளியாகும் எத்திலீன் வாயு ஆகிய எதுவும் மொட்டுகளை உதிர்த்துவிடும். பூந்தொட்டியையும் பழக்கூடையையும் ஒரே மேசையில் வைத்து அழகு பார்ப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஈஸ்டர் கள்ளியோ ஒருபடி மேலே சென்று, தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் தண்டுத் துண்டுகளையே உதிர்க்கும். அவற்றை வீசிவிட வேண்டாம். அழுகாத துண்டுகளை ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, ஈரமான கலவையில் ஆழமில்லாமல் நட்டால் சில வாரங்களில் வேர் பிடித்துவிடும்.