நுரையீரல் நீரை எடுத்தால், அது லேபுக்குப் போனதா என்று கேளுங்கள்

சித்தப்பாவுக்கு வறட்டு இருமல், சாயங்காலமானால் காய்ச்சல், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். எக்ஸ்ரே எடுத்ததில் வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம்.

"சின்ன ஊசிதான், பயப்படாதீங்க" என்றார்கள். அது உண்மைதான். கட்டிலில் உட்காரவைத்து, முன்னால் மேசைமேல் தலையணை போட்டுக் குனியச் சொன்னார்கள். முதுகில் மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை ஏற்றி நீரை எடுத்தார்கள். கீழ் விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் அப்படித்தான் செய்ய வேண்டும். வைக்கோல் நிறத்தில் பாட்டில் நிறைய வந்தது. சித்தப்பாவுக்கு மூச்சு லேசானது.

டிஸ்சார்ஜ் பில்லில் 'ஃப்ளூயிட் அனாலிசிஸ்' என்று ஒரு தொகை. ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால், நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அது அப்பவே கொட்டியாச்சு சார்." பில்லிங்கில் கேட்டால், "அது பேக்கேஜ்ல வர்றது." செய்யாத டெஸ்டுக்குப் பணம்! எழுதிக் கேட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள்.

பணம் போனால் போகட்டும். அந்த நீரில்தான் நோயே தெரியும். இதயம் பலவீனமாகி ஊறிய நீரா, இல்லை தொற்று, புற்றுநோய் மாதிரி வேறு காரணமா என்று பிரிப்பதற்குப் புரோட்டீனும் எல்டிஎச் என்ற நொதியும் பார்ப்பார்கள். நீரிலுள்ள புரோட்டீன் ரத்தத்தில் இருப்பதில் பாதிக்கு மேல் போனால், பெரும்பாலும் நுரையீரல் உறையிலேயே கோளாறு. ஏடிஏ என்ற இன்னொரு நொதி லிட்டருக்கு 40 யூனிட்டுக்கு மேல் இருந்து, லிம்போசைட் என்ற வெள்ளையணு வகையும் கூடுதலாக இருந்தால் டிபி சந்தேகம் வலுக்கும். புற்றுநோய் செல் இருக்கிறதா என்றும் தேடுவார்கள். இது எதுவுமே பார்க்காமல் ஆன்டிபயாடிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நீர் மறுபடி கோத்தது. அரசு மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேனில் இடம் பார்த்துக் குறித்தார்கள், குப்பிகளில் பெயர் ஒட்டி லேபுக்கு அனுப்பினார்கள். ஏடிஏ அதிகம், டிபிதான். மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள், காய்ச்சல் விட்டுவிட்டது. முதல் தடவையே பார்த்திருந்தால் அந்த மனுஷன் இன்னொரு குத்து வாங்கியிருக்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இது நடந்தால், ஊசி போடும் முன்பே கேளுங்கள்: ஸ்கேன் பார்த்துச் செய்வீர்களா, எந்தெந்த டெஸ்டுக்கு அனுப்புவீர்கள்? ஒரே தடவையில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பொதுவாக எடுக்க மாட்டார்கள். நடுவில் நெஞ்சு இறுக்கினாலோ இருமல் விடாமல் வந்தாலோ உடனே சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், லேப் ரிப்போர்ட் நகல் கைக்கு வராமல் பில்லைக் கட்டாதீர்கள்.